ஒரே வாசல், முழுக் காவல்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒற்றை உள்நுழைவு. ‘சிங்கிள் சைன்-ஆன்’ என்று ஐ.டி. துறையில் சொல்வார்கள். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் ஓரிடத்தில் ஒருமுறை ‘நான்தான்’ என்று நிரூபித்துவிட்டால் போதும். மின்னஞ்சலும், வருகைப் பதிவும், சம்பளச் சீட்டும், வாடிக்கையாளர் பட்டியலும் மறுபடி மறுபடி கடவுச்சொல் கேட்காமல் திறக்கும். பலரும் இதை வசதி என்று நினைக்கிறார்கள். விற்க வருகிறவர்களும் வசதி என்று சொல்லியே விற்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் இங்கே பேச வந்தது அதன் பாதுகாப்பைப் பற்றி. இத்தனை காலம் ஊழியரின் தலையில் ஏற்றி வைத்திருந்த ஒரு பாரத்தை இறக்கி, அதைச் சுமக்க வேண்டிய நிறுவனத்தின் தோளில் வைக்கிற ஏற்பாடு இது. அந்தப் பாரம் எப்படிப்பட்டது, அதை ஏன் இறக்க வேண்டும் என்று சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு சாதாரண அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். கணக்குப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்க்கிறார். மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல். வருகைப் பதிவுக்கு ஒன்று. சம்பளச் சீட்டுக்கு ஒன்று. கோப்புகள் வைக்கும் இடத்துக்கு ஒன்று. கூரியர் தளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறது. பழையதைப் போடாதே என்கிறது. எங்கேயும் எழுதி வைக்காதே என்கிறது. அவர் என்ன செய்வார்? நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்வார். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பார். மாற்றச் சொன்னால் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார். டைரியின் பின்பக்கத்தில் குறித்து வைப்பார். லீவு போட்ட நாளில் பக்கத்து மேசைக்காரர் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

பிறகு ஒருநாள் ஏதாவது நடந்துவிட்டால் யாரை நிற்க வைத்துக் கேட்கிறோம்? “ஏம்மா, இப்படியா கவனக்குறைவா இருப்பே?” என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்கிறோம். இது நியாயமா? எந்த மனிதராலும் செய்ய முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு, செய்யவில்லை என்று குற்றம் சொல்லலாமா? அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திருடுபோனதற்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. எட்டு ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது. நம் அலுவலகங்கள் பலவற்றில் அந்தக் கெடு இன்னும் போகவில்லை.

கடவுச்சொல்லின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கோர்பத்தோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு உருவானது. ஒரே கணினியைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தலாம். யாருடைய கோப்பு யாருடையது என்று பிரிக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். 1962-இலேயே அங்கிருந்த ஓர் ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த இடத்திலேயே கடவுச்சொல் திருட்டும் பிறந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்ன? அங்கே யாரும் தன் கடவுச்சொல்லை வெளியே சொல்லவில்லை. சேமித்து வைத்த இடத்திலிருந்து அது போனது. சேமிக்கும் இடங்கள் எத்தனையோ, திருடக்கூடிய இடங்களும் அத்தனை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1983-இல், அதே எம்.ஐ.டி.யில் அதீனா என்றொரு திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கணினிகள். எந்த மாணவரும் எந்தக் கணினியிலும் உட்காரலாம். அவருடைய கோப்பு ஒரு சர்வரில், அஞ்சல் இன்னொன்றில், அச்சு இயந்திரம் வேறொன்றில். ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல்லை கேபிள் வழியே அனுப்பினால், நடுவில் ஒட்டுக்கேட்கிற எவரும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு விடையாகப் பிறந்தது கெர்பரோஸ். அதில் கடவுச்சொல் வலையமைப்பில் பயணமே செய்யாது. உங்களைச் சரிபார்க்க என்றே ஒரு சர்வர் உண்டு. அது உங்களுக்குச் சில மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்றைத் தருகிறது. அதை வைத்து ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி டிக்கெட் பெறுகிறீர்கள். அந்தச் சேவை உங்கள் டிக்கெட்டைப் பார்க்கும். உங்கள் கடவுச்சொல்லை ஒருநாளும் பார்க்காது. விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட்டும் இதையே எடுத்துக்கொண்டது. உங்களில் பலர் பெயர் தெரியாமலே தினமும் இதைப் பயன்படுத்துகிறீர்கள்.

இணையத்தில் இதே வேலையைச் செய்ய 2005-இல் சாம்ல் 2.0 வந்தது, 2014-இல் ஓபன் ஐடி கனெக்ட் வந்தது. பெயர்களை மறந்துவிடுங்கள். நடப்பது இதுதான்: நீங்கள் சம்பளச் சீட்டுத் தளத்தைத் திறக்கிறீர்கள். அது உங்களிடம் எதுவும் கேட்காமல், உங்கள் நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே உங்களைச் சரிபார்த்து, ‘இவர் இன்னார், இந்தத் தளத்துக்காக, இத்தனை நிமிடத்துக்கு’ என்று டிஜிட்டல் கையொப்பமிட்டு ஒரு சான்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். சம்பளத் தளம் கையொப்பத்தைச் சரிபார்த்து உங்களை உள்ளே விடுகிறது. அதன் கிடங்கில் உங்கள் கடவுச்சொல் இல்லை. இல்லாததை யார் திருட முடியும்?

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டிராப்பாக்ஸ் கதை ஒன்று போதும். 2012-இல் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வேறு தளத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லையே வேலைக்கும் வைத்திருந்தார். அது வெளியே திருடுபோனது. அதைக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். 6 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்கள் போயிருந்தன என்பது 2016-இல் வெளியே வந்தது. ஒரு மனிதர், ஒரே சொல், இரண்டு இடம். அந்தக் கணக்குப் பிரிவுப் பெண் செய்வதும் அதுதானே?

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். ஒருவர் வேலைக்குச் சேரும் நாளை நாம் கொண்டாடுகிறோம். அவருக்கு இன்னின்ன தளங்களைத் திறந்துவிடுங்கள் என்று அன்றே சொல்லிவிடுகிறோம். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் என்ன செய்கிறோம்? லேப்டாப்பை வாங்குகிறோம், அடையாள அட்டையை வாங்குகிறோம், பாக்கிச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிறோம். அவருக்காகத் திறந்த வாசல்கள் எத்தனை என்று யாருக்காவது தெரியுமா? இருபது வாசல் உள்ள வீட்டில் இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டியாயிற்றா என்று கேட்டால் யார் உறுதியாகச் சொல்வார்கள்?

சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். என்.சி.எஸ். என்ற பெரிய தொழில்நுட்ப நிறுவனம். 2022 நவம்பரில் ஓர் ஊழியரின் வேலை போகிறது. அவர் இந்தியாவுக்குத் திரும்புகிறார். ஆனால் அவர் கையில் இருந்த நிர்வாகி நிலை உள்நுழைவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2023 ஜனவரியில் இந்தியாவிலிருந்தே உள்ளே போகிறார். மீண்டும் சிங்கப்பூர் போன பிறகும் போகிறார். மார்ச் மாதத்தில் ஒருநாள், தானே எழுதிய நிரலை ஓடவிட்டு, மென்பொருள் சோதனைக்கான 180 மெய்நிகர் சர்வர்களை அழிக்கிறார். நட்டம் 9 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கும் மேல். 2024-இல் அவருக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் செய்தது குற்றம். அதில் ஐயமே இல்லை. ஆனால் நான் கேட்கிறேன்: வேலை போன ஒரு மனிதர், மனம் புண்பட்ட நிலையில், வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியவர், மாதக்கணக்கில் அந்தச் சர்வர்களின் வாசலில் நிற்கும்படி விட்டது யார்? அந்த வாசலை முதல் நாளே மூடியிருந்தால் நிறுவனமும் தப்பியிருக்கும், அவரும் சிறைக்குப் போயிருக்க மாட்டார். வாசலை மூடுவது போகிறவர்மீது காட்டும் சந்தேகம் என்று சிலர் தயங்குகிறார்கள். நான் அதை அவருக்குச் செய்யும் பாதுகாப்பு என்றே பார்க்கிறேன்.

ஒற்றை உள்நுழைவு இருக்கும் இடத்தில் இது ஒரே செயல். எச்.ஆர். பிரிவு ‘இவர் இன்றோடு விடுவிக்கப்பட்டார்’ என்று குறிக்கிறது. மையக் கணக்கு முடக்கப்படுகிறது. அதோடு இணைந்த எந்தத் தளத்திலும் அவர் புதிதாக நுழைய முடியாது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே திறந்து கிடக்கும் அமர்வுகள் சில தளங்களில் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். அவற்றையும் துண்டிக்கும்படி அமைக்க வேண்டும். பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் நிர்வாகிக் கணக்கு இருந்தால், ஒருவரை வெளியேற்றுவதால் அது மூடாது. அப்படிப் பகிர்வதை ஒழித்து, ஒவ்வொருவரும் தன் பெயரில் வந்து போகும்படி செய்ய வேண்டும்.

போகிறவர் நல்லவராகவே இருந்தாலும் திறந்த வாசல் ஆபத்துதான். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் இணையத் தாக்குதலில் முடங்கியது நினைவிருக்கிறதா? கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் குழாய்வழி. சில நாள் நின்றது. பெட்ரோல் பங்குகளில் வரிசை. கேட்ட பிணைத்தொகை 44 லட்சம் டாலர் அளவுக்குப் பிட்காயினாகக் கொடுக்கப்பட்டது. நுழைந்தது எப்படி? தொலைவிலிருந்து நுழைவதற்காக வைத்து, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு. கடவுச்சொல் மட்டும் இருந்தால் போதும், இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. அந்நிறுவனத் தலைவர் ஜோசப் பிளவுண்ட், செனட் குழு முன் சாட்சியம் சொன்னபோது, அது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் அல்ல, சிக்கலானதுதான் என்றார். நண்பர்களே, இதை யோசித்துப் பாருங்கள். கடவுச்சொல் வலுவாகத்தான் இருந்தது. ஊழியரிடம் நாம் ஓயாமல் கேட்கும் அந்தப் பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் அங்கே காப்பாற்றவில்லை. யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு வாசல் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

அடுத்து, காவலின் தரம். இருபது வாசலுக்கும் முதல்தரக் காவல் போட யாரிடம் பணம் இருக்கிறது? ஒரு வாசலுக்குப் போடலாம். அப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2022-இன் நடுவில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாதிரியான ஏமாற்று எஸ்.எம்.எஸ். இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் போனது. ஒன்று ட்விலியோ, மற்றது கிளவுட்ஃப்ளேர். சுட்டியைத் தட்டினால் நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம்போலவே ஒரு போலிப் பக்கம். ட்விலியோவில் ஊழியர்கள் ஏமாந்தார்கள், எதிரிகள் உள்ளே புகுந்துவிட்டார்கள். கிளவுட்ஃப்ளேரில் குறைந்தது 76 ஊழியர்களுக்குச் செய்தி வந்தது. அங்கே யாருமே ஏமாறவில்லையா? மூன்று பேர் ஏமாந்தார்கள். கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் எதிரியால் நுழைய முடியவில்லை.

ஏன்? அங்கே ஒவ்வொரு ஊழியரிடமும் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவி இருந்தது. யு.எஸ்.பி. துளையில் செருகுவது. ஓடிபி எண்ணை நாம் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம், அதனால் போலிப் பக்கத்திலும் தட்டச்சு செய்துவிடுகிறோம். இந்தச் சாவியோ எந்த இணைய முகவரிக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் தரும். பக்கம் கண்ணுக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும், முகவரி ஓர் எழுத்து மாறினால் வாய் திறக்காது. கூகுளும் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2017-இன் தொடக்கத்திலிருந்து ஊழியர் கணக்கு ஒன்றுகூட ஏமாற்றிப் பறிக்கப்படவில்லை என்று 2018-இல் சொன்னது. கிளவுட்ஃப்ளேரில் ஏமாந்த அந்த மூன்று பேரையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் களைப்பாக இருந்திருக்கலாம், அவசரத்தில் இருந்திருக்கலாம். மனிதர் தவறினாலும் நிறுவனம் தவறாத ஏற்பாடு. அதைத்தான் பாதுகாப்பு என்பேன்.

இப்போது உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். “ஐயா, எல்லாவற்றையும் ஒரே வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டால், அந்த ஒன்று உடைந்தால் வீடே போய்விடாதா?” நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. ஆம், உடைந்திருக்கிறது. 2020 இறுதியில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வழியே நடந்த ஊடுருவலில், சான்றுகளில் கையொப்பமிடும் ரகசியச் சாவியையே திருடி, போலிச் சான்றுகளைத் தயாரித்து நுழைந்தார்கள். ஒற்றை உள்நுழைவுச் சேவையையே தொழிலாக நடத்தும் ஓக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் 2023-இல் புகுந்தார்கள். இவற்றை மறைத்துப் பேசுவது எனக்கு அழகல்ல.

ஆனால் திருப்பி ஒன்று கேட்கிறேன். இன்று நீங்கள் இருபது கடவுச்சொல் வைத்திருக்கிறீர்களே, அவை உண்மையிலேயே இருபது வாசல்களா? ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்று எல்லாத் தளத்திலும் ஒரு சுட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் புதுப்பிக்கும் இணைப்பு எங்கே வருகிறது? உங்கள் மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சலைப் பிடித்தவர் மற்ற பத்தொன்பதையும் பிடித்துவிடுவார். ஆக, ஒரே இடத்தில் எல்லாமே தொங்கும் அபாயம் இப்போதும் இருக்கிறது. காவல் போடாமல், பதிவேடு வைக்காமல், அது நடுவாசல் என்று தெரியாமலே இருக்கிறது. ஒற்றை உள்நுழைவு அந்த வாசலை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. யார், எப்போது, எந்த ஊரிலிருந்து நுழைந்தார் என்று ஓரிடத்தில் பார்க்கலாம். மதியம் அலுவலகத்தில் இருந்தவரின் கணக்கு அரைமணி நேரத்தில் இன்னொரு நாட்டிலிருந்து திறக்கப்பட்டால், அன்றைக்கே தெரியும்.

வாசலை அமைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. 2024-இல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேவையின் வாடிக்கையாளர்கள் பலர் தாக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. தாக்குதலுக்குப் பயன்பட்ட கடவுச்சொற்களில் சில 2020-இலேயே திருடப்பட்டவை. நான்கு ஆண்டு கழித்தும் வேலை செய்தன! இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத நேரடிக் கணக்குகள் அவை. ஆகவே ஒற்றை உள்நுழைவை இணைத்த தளத்தில், பழைய நேரடிக் கடவுச்சொல் வழியை அடைக்கும்வரை வேலை முடியவில்லை.

இன்னொரு வாசல் இருக்கிறது. தொலைபேசி. 2023 செப்டம்பரில் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் என்ற ஓட்டல் நிறுவனம் தாக்கப்பட்டபோது, ஊழியர்போலப் பேசி உதவி மையத்தை ஏமாற்றினார்கள் என்று செய்திகள் வந்தன. ஏறத்தாழ 10 கோடி டாலர் பாதிப்பு என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. நம் ஊரில் இதை எண்ணிப் பாருங்கள். உதவி மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். தொலைபேசி அடிக்கிறது. “நான் எம்.டி. பேசுறேன், ஏர்போர்ட்டில் இருக்கேன், உடனே என் லாகினை மாத்திக் கொடு” என்கிறது ஒரு குரல். “சார், உங்களைச் சரிபார்க்கணும்” என்று அந்தப் பையன் சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வேலையில் இருப்பானா? பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாத பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஏமாற்றுகிறவன் நம்பியிருப்பது அந்த மரியாதையைத்தான். இங்கே இருக்கும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் என் வேண்டுகோள்: உங்களையே நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை அந்தப் பையனுக்கு எழுத்தில் கொடுங்கள். அவன் கேட்டால் எல்லோர் முன்னும் பாராட்டுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பல மென்பொருள் நிறுவனங்கள் ஒற்றை உள்நுழைவை மிக உயர்ந்த விலைத் திட்டத்தில் மட்டும் வைத்து விற்கின்றன. இது தவறு என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். பாதுகாப்பைப் பணக்கார நிறுவனங்களுக்கான சலுகையாக வைப்பது, சிறு நிறுவனங்களைத் திறந்த வெளியில் நிறுத்துவதாகும். புதிதாக ஏதாவது வாங்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், கூடுதல் விலையா என்று கேளுங்கள், பேரம் பேசுங்கள். அதே சமயம், கூகுள் வொர்க்ஸ்பேஸோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள், அந்தக் கணக்கையே நடுவாசலாகக் கொண்டு மற்ற பல தளங்களை இணைக்க முடியும். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கையில் இருந்தால் கீக்ளோக் போன்ற திறந்த மூல மென்பொருளும் இருக்கிறது. நம் நாட்டில் அரசு ஊழியர்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் ‘பரிச்சய்’ என்ற ஒற்றை உள்நுழைவை நடத்துகிறது. பல்கலைக்கழகத்தினர் தங்கள் பல்கலைக்கழகக் கணக்கைக்கொண்டே ஆய்விதழ்களைப் படிக்க, காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் கூட்டமைப்பு வழி செய்திருக்கிறது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இணைக்க வேண்டியதில்லை. முதலில் மின்னஞ்சல், பிறகு பணம் போகும் தளங்கள், பிறகு வாடிக்கையாளர் விவரங்கள் இருக்கும் தளங்கள். ஆனால் ஒரு வேலையை நாளையே செய்யலாம். அதற்கு மென்பொருளும் வேண்டாம், செலவும் இல்லை. கடந்த ஓராண்டில் உங்கள் அலுவலகத்தை விட்டுப் போனவர்களின் பெயர்களை எச்.ஆர். பிரிவிடம் வாங்குங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், உங்கள் அலுவலகம் பயன்படுத்தும் தளங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். அந்தப் பெயர்களில் எது எந்தத் தளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இன்னும் திறந்திருப்பவற்றை எழுந்திருப்பதற்கு முன் மூடிவிடுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் ஐ.டி. பொறுப்பாளரிடம் பேசத் தொடங்குங்கள்.